கட்டையோரம் ஒட்டின பந்து

சோமனூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். உங்கம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதவில்லை. தறி ஓடுகிறது. கருமத்தம்பட்டி அத்தை வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போய் வந்தோம். நீ வராததை யாரும் கேட்கவில்லை. சரி, இரண்டு பேர் கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

போனில் பேசினால் "அப்புறம் கூப்பிடறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பாதியில் மடித்தாலும் மீதி உள்ளே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். வேறு விசேஷமில்லை.

நீ அனுப்பிய பூல் வீடியோக்களை எல்லாம் பார்த்தேன், குச்சியால் வெள்ளைப் பந்தைக் குத்தி மற்றப் பந்துகளை மேசைக் குழியில் விழவைக்கிற ஆட்டம்தானே. இரண்டு மாதத்தில் 14 வந்திருக்கின்றன. அதற்கு முன் ஒரு வருஷத்தில் 3. உன் அடிகளைக் கூலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன், சிரிக்காதே. கணக்கு எழுதிப் பழகின கை. நீளக் குஷனோடு, அந்த ரப்பர் ஓரக் கட்டையோடு, ஒட்டிக் கிடக்கும் பந்தை மூலைக் குழிக்கு அனுப்புகிறாயே, அந்த அடியில் முதல் வீடியோவில் 20-க்கு 7. போன வாரம் 20-க்கு 12. உங்கம்மாவிடம் சொன்னேன். "விழாத எட்டும் எங்கே போச்சாம்?" என்றாள்.

அந்த எட்டையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கொஞ்சம் தடிப்பாகப் பட்டாலும் பந்து குஷனில் அமுங்கி வெளியே துள்ளிவிடுகிறது. வெள்ளைப் பந்து, பந்தையும் குஷனையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்று நீயே ஒரு தடவை சொன்னாய். செய்யும்போது பயந்து பந்தை மட்டும் பார்க்கிறாய். இன்னொன்று, ஏன் பக்கவாட்டில் குத்துகிறாய்? வலப்பக்கம் குத்தினால் வெள்ளைப் பந்து கிளம்பும்போதே இடப்பக்கம் கொஞ்சம் விலகிப் போகிறது. அதையும் சேர்த்துக் குறி வைக்க வேண்டியிருக்கிறது. நடுவில் குத்திப் பத்து அடி போடு, அப்புறம் சுழற்சி வைத்துக்கொள். கேரம் ஆடினவன் என்கிற தைரியத்தில்தான் இதையெல்லாம் சொல்கிறேன். 29 அங்குலப் பலகையில் ஆடினவனுக்கு 100 அங்குல மேசை பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். கோணம் எல்லா இடத்திலும் கோணம்தான்.

மேசையில் காகித வளையம் ஒட்டி வைத்துப் பந்துகளை அதே இடத்தில் திரும்ப வைக்கிறாய், அது ரொம்பப் பிடித்தது. ஒரே அடியைத் திரும்ப அடித்தால்தான் தப்பு எங்கே என்று தெரியும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் தப்பும் மாறிக்கொண்டே இருக்கும், ஒன்றும் பிடிபடாது. ஆனால் கண்ணு, 20-க்கு 12 என்பதை நான் முழுசாக நம்பமாட்டேன். ஐந்தாறு அடிக்கு மேல் கை தானே பழகிவிடுகிறது. போட்டியில் உன்னை 20 தடவை அடிக்க விடுவார்களா? அதனால் நோட்டில் நான் தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன்: முதல் அடி விழுந்ததா, இல்லையா. அதில் 14-க்கு 3. இதைச் சொல்லி உன்னை மட்டம் தட்டவில்லை. 3 என்பதும் 3 தானே.

எகிறிக் குதிக்கிற அடி எனக்குப் பிடிக்கவில்லை. கிளப்பில் பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள், சரி. குச்சியை நட்டு வைத்து வளைக்கிறாயே ஒரு அடி, மாஸே, அதில் துணி கிழிந்தால் காசு யார் கட்டுவது? பல கிளப்பில் அதை அடிக்கவே விடமாட்டார்கள் என்கிறார்கள். எனக்கு அந்த நேர் அடிதான் பெரிய பரீட்சை. ஆறடி தூரத்தில் பந்து, வெள்ளைப் பந்து போய் மோதி அதே இடத்தில் செத்து நிற்க வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கீழே குத்திக் கொடுத்த பின்சுழற்சி துணியில் உரசி உரசித் தேய்ந்துகொண்டே போகிறது. தூரம் கூடக்கூட இன்னும் கீழே, அல்லது இன்னும் பலமாகக் குத்த வேண்டும், அப்போது நேர்க்கோடு கெடும். அதில் தப்பை மறைக்க இடமே இல்லை.

பல்லடத்து மாமன் விசேஷத்தில் எல்லோர் எதிரிலும் "மாப்பிள்ளைப் பையன் பில்லியர்ட்ஸ் கிளப்பே கதின்னு கிடக்கறானாமே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஸ்நூக்கர் 1875-ல் ஜபல்பூரில் உருவான ஆட்டம். 1882-ல் அதன் விதிகளை எழுதி மாட்டியது நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஊட்டி கிளப்பில். நம் மலையில் பிறந்த விதி" என்றேன். நீ ஆடுவது ஸ்நூக்கர் இல்லை, பூல் என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது. பந்தி முடியும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. உனக்காக நான் எங்கேயும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன், அது உனக்குத் தெரியும். தெரிய வேண்டும்.

அவருக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் தெரியவில்லை.

நன்றாகச் சாப்பிடு. ராத்திரி வேலை முடிந்து பயிற்சி என்கிறாய். சரி, ராத்திரி என்றால் ராத்திரி. ஆனால் 9-ஆம் நம்பர் மஞ்சள் பட்டைப் பந்தை நீ குஷனில் அடித்து எதிர்ப்பக்கக் குழிக்குத் திருப்பினாயே, அந்த வீடியோவில் மேசைத் துணி மேல் ஜன்னல் வெயில் விழுந்திருந்தது. பின்னால் டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதே மேட்ச், அதே ஓவர் நானும் இங்கே பார்த்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. வெயிலில் பந்தின் விளிம்பு சரியாகத் தெரியாது, குறி தப்பும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அந்த அடியில் இன்னொன்றும் கவனி: வேகமாக அடித்தால் குஷனிலிருந்து கோணம் சுருங்கி வருகிறது. மெதுவாக அடித்த மூன்றும் விழுந்தன, வேகமாக அடித்ததில் ஒன்றுகூட விழவில்லை. ஏன் இவ்வளவு அவசரம்?

நன்றாகச் சாப்பிடு. இதை முன்பே எழுதிவிட்டேனா.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கஷ்டமான அடி எங்கிருந்து வருகிறது? முந்தின அடியில் வெள்ளைப் பந்தை விடக் கூடாத இடத்தில் விட்டதால் வருகிறது. நல்ல ஆட்டக்காரன் ஆடும்போது பார், எல்லாமே சுலபமான அடியாகத்தான் இருக்கும். இதை வேறு எதையும் மனதில் வைத்து எழுதவில்லை. உன் வேலை பற்றியோ, போன வருஷம் அந்தப் பழைய கம்பெனியை விட்டு நீ மாறியபோது நான் சொன்னதைப் பற்றியோ இல்லை. பந்தைப் பற்றி மட்டும்.

வில்லி மோஸ்கோனி என்கிற அமெரிக்கரைப் பற்றி நீதானே சொன்னாய். 1954-ல் ஒரு தப்புகூட இல்லாமல் 526 பந்து போட்டவர். சின்ன வயதில் அவர் அப்பா ஆட விடாமல் பந்துகளைப் பூட்டி வைத்துவிட, அவர் உருளைக்கிழங்கையும் விளக்குமாற்றுக் காம்பையும் வைத்துப் பழகினாராம். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நீ கவனித்தாயோ இல்லையோ.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது உன் கேரம் ஸ்ட்ரைக்கர் காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? உங்கம்மா வீடு முழுக்கத் தேடினாள். அரிசி டின்னுக்குள் வைத்தது நான்தான். நீ இரண்டு நாள் அழுதுவிட்டு ஒரு பெரிய கோலிக்குண்டை வைத்து அடிக்க ஆரம்பித்தாய். அதற்கும் உன்னை அடித்தேன். படிப்பு கெடுகிறது என்று சொன்னேன். அது காரணமில்லை, கண்ணு. கட்டையில் காய் மோதுகிற அந்தச் சத்தம் வீட்டில் கேட்கக் கூடாது என்று இருந்தது.

அந்த வருஷம் நமக்குத் தறியில் ஏற்றுகிற பாவு நூல் கொடுத்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். எட்டுத் தறியும் நின்றது. இரண்டரை மாதம். உங்கம்மாவிடம் சொல்லவில்லை. தறிக் குடோன் இருந்தது ஊருக்கு வெளியே என்பதால் யாருக்கும் உடனே தெரியவில்லை. தினமும் எட்டரை மணிக்குத் தூக்குப்போசியை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பி, குடோனைத் தாண்டி அவினாசிக்குப் போனேன். அங்கே தெரிந்தவர் ஒருவரின் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு கேரம் போர்டு கிடந்தது. காலையிலிருந்து நாலு மணி வரை ஒரே அடி. நம் கோட்டுக்குப் பின்னால், கட்டையோரம் ஒட்டிக் கிடக்கும் காய். அதை நேராக அடிக்க முடியாது. ஸ்ட்ரைக்கரை எதிர்க் கட்டையில் அடித்து, அது திரும்பி வந்து காயைத் தட்ட வேண்டும். சுலபமான காய் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. பத்துக்கு ஆறு விழுந்தால் நாளைக்குப் பாவு வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு. ஆறு விழுந்தது. அப்புறம் ஏழு. ஒரு நாள் எட்டுகூட. பாவு வரவில்லை.

உங்கம்மாவை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தறியிலிருந்து வந்தால் தலையெல்லாம் பஞ்சாக இருக்கும் அல்லவா, வாசலிலேயே "தலையைத் தட்டிட்டு உள்ள வாங்க" என்பாள், கல்யாணமான நாளிலிருந்து. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, அதைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சோறு மட்டும் வழக்கம்போலக் கட்டிக் கொடுத்தாள், அரிசியும் பருப்பும், மேலே நெய் விட்டு. பாவு மறுபடி வந்து தறி ஓடின முதல் நாள் சாயங்காலம் வாசலில் நின்று சொன்னாள். இன்று வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மேலே கஷ்டமான அடி பற்றி எழுதினேனே, அதைக் கோடு போட்டு அடித்துவிடலாம் என்று பார்த்தேன், நீல மையில் அசிங்கமாக இருக்கும். எதிராளி வேண்டுமென்றே வெள்ளைப் பந்தை மற்றப் பந்துகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போவதும் உண்டே. அப்போது நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அடிக்க வேண்டியவன் நீதான். பாவு நின்றது என் தப்பு இல்லை. அதை நான் அப்போது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு நாலாம் வகுப்புப் பையன் அடி வாங்கியிருக்க மாட்டான்.

பணம் 9-ஆம் தேதி வந்தது. எப்போதும் 1-ஆம் தேதி வரும், அதைக் கேட்கவில்லை. போன மாதத்ததும் இந்த மாதத்ததும் பேங்கில் அப்படியே கிடக்கின்றன. தீபாவளி வரை இனி அனுப்பாதே. எட்டுத் தறியும் ஓடுகிறது, நம்பிக்கை இல்லையென்றால் உங்கம்மாவைக் கேள், என் தலையில் பஞ்சு இருக்கிறதா என்று.

அட்டாலியிலிருந்து பழைய போர்டை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் வலை கிழிந்திருக்கிறது, மற்றபடி நேராகத்தான் இருக்கிறது. நீ வரும்போது திருப்பூரில் இறங்கினால் வண்டியோடு வந்து நிற்கிறேன். எந்தக் கிழமையானாலும் சரி, எந்த நேரமானாலும் சரி. ஊரில் யார் கேட்டாலும் லீவு என்று நான் சொல்லிக்கொள்கிறேன், உங்கம்மாவிடம் மட்டும் அது செல்லாது.

பதில் எழுத நேரமில்லை என்றால் இரண்டு எண் மட்டும் அனுப்பு. கட்டையோர அடி 20-க்கு எத்தனை, முதல் அடி விழுந்ததா.

அப்பா

பி.கு. கொள்ளுப்பொடி அரை கிலோ பார்சலில் வருகிறது. உன் ரூம் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவாய் என்பதால் பகலில் வந்தாலும் வாங்கி வைப்பார் என்று உங்கம்மா சொன்னாள். பகலில் நீயே இருப்பாய் என்று நான் சொல்லவில்லை.