இலவசம்தான், ஆனால் டேட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கும் நானே நூலகத்துக்கும் பொறுப்பு. நூலகமென்றால் இரண்டு அலுமாரிகள்; மழைக்காலத்தில் ஒன்றின் கதவு உப்பித் திறக்காது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள், கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ, 2005 முதல் இயங்கும் 'நூலகம்' எண்ணிம நூலகம் எல்லாம் இணையத்தில் இலவசம்தான். டேட்டா இலவசமில்லையே! சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டில் நின்று சொந்தச் செலவில் தரவிறக்குகிறேன். கடந்த வாரம் பழைய மலையகச் சஞ்சிகையொன்றின் பக்கத்தைக் காட்டியபோது, "இது எங்கள் தோட்டமா, சேர்?" என்று ஒரு மாணவி எழுந்து வந்து திரையைத் தொட்டாள்.

வலயக் கல்வி அலுவலகங்கள் இவற்றைப் பென்டிரைவில் பதிந்து தவணைக்கொரு முறை அனுப்பலாம். சுற்றறிக்கைகள் மட்டும் தவறாமல் வந்துசேருகின்றனவே, அதே தபாலில்.

ஓர் ஆசிரியர்,
ஹட்டன்.