தனிச் சொல்லைக் கொடுத்து வகை கேட்பது சரியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலப் பயிற்சியைப் பார்த்தேன். அன்றாடச் சொற்களை வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் நவுனா (பெயர்ச்சொல்), வெர்பா (வினைச்சொல்), அட்ஜெக்டிவா (பெயரடை) என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். 'வாட்டர்' நவுன், 'ரவுண்ட்' அட்ஜெக்டிவ் என்று விடையும் போட்டிருந்தது. விடையில் குறை சொல்ல வரவில்லை. கேள்வியில்தான் கோளாறு.

'வாட்டர் தி பிளாண்ட்ஸ்' என்றால் வாட்டர் வெர்ப் ஆகிவிடுகிறது. 'ரவுண்ட்' இதைவிடப் பொல்லாதது. 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் அட்ஜெக்டிவ், 'தி ஃபைனல் ரவுண்ட்' என்றால் நவுன், 'ரவுண்ட் தி கார்னர்' என்றால் பிரிபொசிஷன் (முன்னிடைச்சொல்), 'டர்ன் ரவுண்ட்' என்றால் அட்வெர்ப் (வினையடை), மாடுகளை வளைத்துச் சேர் என்ற பொருளில் 'ரவுண்ட் அப் தி கேட்டில்' என்றால் வெர்ப். வாக்கியம் இல்லாமல் கேட்டால் இந்த ஐந்தில் எதைச் சொன்னாலும் மார்க் போட்டாக வேண்டும்.

பழைய ஆங்கிலம் இப்படி இல்லை. அன்பு என்ற பெயருக்கு 'லுஃபு', அன்பு செய்வதற்கு 'லுஃபியன்' என்று ஈறே வேறாக இருந்தது. காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்துபோய் இரண்டும் 'லவ்' ஆகிவிட்டன. தமிழிலும் 'படி' என்று மொட்டையாகச் சொன்னால் குழப்பம்தான். ஆனால் 'படியில்', 'படித்தான்' என்று வந்ததும் உருபும் காலமும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒட்டுகள் குறைவு. சொல் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அப்புறம், 'எல்-ஒய்' என்று முடிந்தால் அட்வெர்ப் என்று ஒரு குறிப்பு கொடுத்திருந்தீர்கள். 'ஃபிரெண்ட்லி', 'லவ்லி' எல்லாம் அட்ஜெக்டிவ்தானே? 'ஹார்ட்' எந்த ஒட்டும் இல்லாமலே அட்வெர்பாக வரும். 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் உழைப்பாளி. ஒட்டைச் சேர்த்து 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் ஆள் வேலை செய்வதே அபூர்வம். குறிப்பை நம்பி எழுதுகிற பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

'ஸ்கூல் பஸ்' என்பதில் ஸ்கூலை அட்ஜெக்டிவ் என்று போட்டதையும் ஏற்க முடியவில்லை. பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறது, சரி. ஆனால் 'பிக்' என்ற சொல்லுக்கு முன்னால் 'வெரி' சேர்வதுபோல இதற்குச் சேர்த்துப் பாருங்கள், ஒட்டாது. அது இன்னொரு நவுனுக்கு முன்னால் வந்து நிற்கும் நவுன். பழைய பள்ளிப் புத்தகங்கள் இதை அட்ஜெக்டிவில் தள்ளுவது உண்டு. இந்தப் புத்தகங்களுக்கு 'தி' (the) என்ற சொல்லை எந்த வகையில் வைப்பது என்பதிலேயே தகராறு. லத்தீனில் அப்படி ஒரு சொல்லே கிடையாது; அங்கிருந்து வந்த எட்டு வகைப் பட்டியலில் அதற்குத் தனி இடம் இல்லை. இப்போதைய இலக்கண நூல்கள், நவுனுக்கு முன்னால் வந்து எது, எவ்வளவு என்று காட்டும் இத்தகைய சொற்களுக்கு 'டிட்டெர்மினர்' என்று தனி வகையே வைத்துவிட்டன.

அடுத்த பயிற்சியில் சொல்லை வாக்கியத்தோடு கொடுங்கள். ஒரே சொல்லை மூன்று வாக்கியங்களில் வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. விடைக்குப் பக்கத்தில், ஏன் அந்த வகை என்று ஒரு வரி காரணமும் போடுங்கள். இடம் போதாவிட்டால் சொற்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்