எட்டு, ஒரு வட்டம், ரெண்டு பாம்பு

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பசங்க எல்லாம் சௌக்கியமா. ரெண்டு மாசமா உன் மெசேஜ் அப்படியே கிடக்கு, பாத்துட்டு பதில் போடலனு கோவமா இருப்ப, இருக்கத்தான் செய்வ. வேற யாரா இருந்தாலும் "சரி பாக்கறேன்"னு ஒரு வரி போட்டுட்டு போயிருப்பேன், உனக்கு அப்படி போட மனசு வரல. நீ கேட்டிருந்தது இதுதான்: சின்னவனுக்கு முதல் பைக் எடுக்கறோம், நாம போவோமே அந்த ஸ்டிக்கர் கடை இன்னும் இருக்கா, நல்லா ஸ்டைலா ஒரு நம்பர் பிளேட் அடிச்சுத் தருவாங்களா, அவன் ரொம்ப ஆசப்படறான்னு. அந்த மெசேஜ் வந்தப்ப நான் ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்திருந்தேன். உள்ள அப்பாவுக்கு கால்ல ஆபரேஷன் நடந்துட்டு இருந்துச்சு. நம்பர் பிளேட்ங்கற வார்த்தைய படிச்ச உடனே போன அணைச்சு பாக்கெட்ல போட்டுட்டேன்.

பயப்படாத, இப்ப நல்லா இருக்கார். வாக்கர் புடிச்சு பாத்ரூம் வரைக்கும் போறார், மோர்ல உப்பு கம்மினு அம்மாகிட்ட சண்டை போடறார். உன்கிட்ட சொல்லாம விட்டதுக்கு அம்மாவே என்னைய திட்டிருச்சு.

நடந்தத சொல்றேன். அப்பா தினம் காலைல தெப்பக்குளத்த சுத்தி நடப்பார், உனக்குத் தெரியும், நாம காலேஜ் படிக்கறப்பவே நம்மள எழுப்பிவிட்டுட்டு கிளம்புவாரே, அதே நடைதான், இப்ப 74 வயசுல மூணு சுத்துக்கு பதிலா ஒரு சுத்து. அன்னிக்கு ஆறு மணி கூட ஆகல. ரோட்ட தாண்டி டீக்கடை பக்கம் வர்றப்ப ஒரு பைக் வந்து அடிச்சிருக்கு. முட்டிக்கு கீழ ரெண்டு எலும்பும் போச்சு. அடிச்சவன் வண்டிய நிறுத்தி, திரும்பி ஒரு பார்வை பாத்துட்டு முறுக்கிட்டு போயிட்டான். சின்ன பையன்தானாம், இருபது இருபத்தொண்ணு இருக்கும்னாங்க. 108ல கூட்டிட்டு போனாங்க, முதல் 48 மணி நேர வைத்தியச் செலவ அரசாங்கத் திட்டத்துல பாத்துக்கிட்டாங்க, அந்த மட்டுக்கும் தப்பிச்சோம், அதுக்கப்புறம் ஆனதெல்லாம் நம்ம கைக்காசு.

விஷயத்துக்கு வர்றேன். பாத்தவங்க மூணு பேரு. டீக்கடை அண்ணன், ஸ்டாண்டுல நின்ன ஒரு ஆட்டோக்காரர், டியூஷன் போயிட்டு இருந்த ஒரு பொண்ணு. மூணு பேருமே நல்ல மனசுக்காரங்க, ஸ்டேஷனுக்கு வந்து சொன்னாங்க, யாரும் நமக்கெதுக்கு வம்புனு ஒதுங்கல. வண்டி நம்பர் என்னனு கேட்டா அந்த பொண்ணு "பாஸ்"னு எழுதியிருந்துச்சுனு சொல்லுது. ஆட்டோக்காரர் 8088ங்கறார். டீக்கடை அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "முதல்ல ஒரு எட்டு, அப்புறம் ஒரு வட்டம், அதுக்கப்புறம் ரெண்டு பாம்பு சார்"னு விரலால காத்துல வளைச்சு காட்டுனார். எனக்கு அந்த விரல் இன்னும் கண்ணுலயே நிக்குது மாப்ள. அவரு பொய் சொல்லல, அவரு பாத்தத பாத்தபடி சொன்னார். பிளேட்ல இருந்தது நம்பரே இல்ல, படம்.

எஸ்.ஐ. உடனே சொல்லிட்டார், அது 8055ஆ இருக்கும் சார், இப்ப நிறைய பேரு அத இங்கிலீஷ்ல பாஸ்னு படிக்கற மாதிரி வளைச்சு எழுதறாங்கனு. எட்ட பி மாதிரி, சைபர ஓ மாதிரி, அஞ்ச எஸ் மாதிரி. சரி 8055னே வெச்சுக்குவோம், அத வெச்சு கண்டுபுடிச்சிறலாம்னு நானும் நம்புனேன். ஆனா ஒவ்வொரு சீரிஸ்லயும் ஒரு 8055 வரும்டா. முன்னாடி இருக்கற ஊர் நம்பரும் அந்த ரெண்டு எழுத்தும் தெரிஞ்சாத்தான் இந்த வண்டினு சொல்ல முடியும். மதுரைலயே 58 இருக்கு, 59 இருக்கு, 64 இருக்கு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் எத்தனை சீரிஸ் ஓடிருச்சோ அத்தனை 8055. அந்த பிளேட்ல நாலு நம்பர மட்டும் பெருசா அடிச்சுட்டு மத்தத எறும்பு சைஸ்ல மேல ஓரமா ஒட்டியிருக்கான். எதுத்த கடை கேமராவுல வண்டி பளிச்சுனு விழுந்திருக்கு, சட்டை கலர் கூட தெரியுது. பிளேட்ட மேல பாத்து மடக்கி வெச்சதால அந்த இடம் மட்டும் வெள்ளையா ஒரு கோடு. அத எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கே இல்ல.

வண்டி யாருதுனு தெரியாததுனால காசுல என்ன ஆகுதுன்னும் கேளு, எனக்கு இதுக்கு முன்னாடி தெரியாது. வண்டி தெரிஞ்சுதுனா மோட்டார் விபத்து நஷ்டஈடு தீர்ப்பாயத்துல கேஸ் போடலாம், மூணாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் இருக்கணும்ல, அதுல இருந்து ஆஸ்பத்திரி செலவு, கூட இருந்து பாத்துக்கற செலவு, வலிக்கு கூட இவ்வளவுனு கணக்கு பண்ணி வாங்கலாம். வண்டி தெரியலைனா அது இடிச்சுட்டு ஓடுன கேஸ். மோட்டார் வாகனச் சட்டம் 161வது பிரிவுல பலத்த காயத்துக்கு 50,000, உயிர் போனா 2 லட்சம், அவ்வளவுதான். அதுவும் 2022 ஏப்ரல் 1ல இருந்துதான், அதுக்கு முன்னாடி காயத்துக்கு 12,500ம் உயிருக்கு 25,000மும். அந்த 50,000க்குத்தான் இப்ப வருவாய்த்துறை ஆபீஸ்ல மனு குடுத்துட்டு இருக்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, எப்.ஐ.ஆர். காப்பி, பேங்க் பாஸ்புக்னு. எலும்பு முறிஞ்சா சட்டத்துல அது பலத்த காயம், அதனால கிடைக்கும்னு நம்ம வக்கீலு சொல்றான். ஆபரேஷனுக்கும் ராடுக்கும் ஆனதுல கால்வாசி கூட வராது. ரெண்டு எஸ் அழகா இருக்கணும்னு எவனோ ஒருத்தன் ஆசப்பட்டதுக்கு என் வீட்ல இருந்து போன காசு இது.

அதுக்கப்புறம்தான் ரூல் என்னதான் சொல்லுதுனு உக்காந்து படிச்சேன். 1989ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், 50ம் 51ம். எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியிருக்காங்க தெரியுமா. பைக்கோட பின் பிளேட்ல எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், நம்பர் 40 மில்லிமீட்டர், கோட்டோட கனம் 7, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல இடம் 5. முன்னாடி 30, 5, 5. காருக்கு 65, 10, 10. எழுத்து இங்கிலீஷ்ல, நம்பர் நாம எல்லாரும் எழுதற ஒண்ணு ரெண்டு மூணுல. வளைச்சு நெளிச்சு எழுதக்கூடாது, பேரு, படம், சாமி, தலைவர், கட்சிக் கொடி எதுவும் பிளேட் மேல கூடாது. அந்த அஞ்சு மில்லிமீட்டர் இடைவெளி எதுக்குனு முன்னாடி எல்லாம் யோசிச்சுக்கூட இருக்க மாட்டேன். ஓடற வண்டிய அரை செகண்டு பாக்கறவனுக்கு எட்டும் சைபரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம தெரியறதுக்கு.

படிச்சு முடிச்ச ராத்திரியே பாப்பாவோட ஜியோமெட்ரி பாக்ஸ்ல இருந்து ஸ்கேல எடுத்துட்டு போயி என் வண்டிய அளந்தேன். நம்பர் 32 இருந்துச்சு. 2012ல எடுத்த வண்டி, அப்ப பிளேட் நாமளே வெளிய அடிச்சுக்கிட்டதுதான. அதுபோக "மீனாட்சி துணை"னு அப்பா வாங்கிட்டு வந்து ஒட்டுன ஸ்டிக்கரு, அந்த துணைல வர்ற ணை முதல் நம்பர் மேல பாதி ஏறியிருக்கு. பன்னெண்டு வருஷத்துக்கு மேல அத தினம் பாக்கறேன், ஒரு நாளும் கண்ணுல படல. சுடுதண்ணி துணிய வெச்சு ஊறவெச்சு, மண்ணெண்ணெய் தொட்டு நகத்தால சுரண்டி சுரண்டி எடுத்தேன். அப்பா கட்டில்ல இருந்து ஜன்னல் வழியா பாத்துட்டு "ஏன்டா ஆத்தாவ எடுக்கற"னு கேட்டார். இங்க இருந்து எடுத்து டேங்க் மேல ஒட்டறேன்பானு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "டேங்க்னா முன்னாடி, அதுவும் நல்லதுதான்"னார். ரூல் அளவுல பிளேட்டும் புதுசா மாட்டிட்டேன்.

இப்ப உன் மகன் விஷயம். புது வண்டிங்கறதால நீ எந்த கடைக்கும் அலைய வேண்டியதே இல்ல. 2019 ஏப்ரல் 1க்கு அப்புறம் வர்ற எல்லா வண்டிக்கும் ஷோரூம்லயே ஹெச்.எஸ்.ஆர்.பி., அதாவது ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட் மாட்டித்தான் குடுக்கணும். அலுமினியம், எழுத்து புடைச்சு நிக்கும், இடது மேல் மூலைல அசோக சக்கரம் ஹாலோகிராம், அதுக்கு கீழ நீலத்துல ஐ.என்.டி., லேசர்ல குத்துன தனி நம்பர் ஒண்ணு. எழுத்து மேல ஒட்டற பிலிம்ல சாய்வா இந்தியானு பொடியா இருக்கும், கிட்ட போய் பாத்தாத்தான் தெரியும். மாட்டற லாக்கு ஒருதடவைதான், கழட்டுனா உடையும். அத கழட்டிப்போட்டுட்டு ஸ்டைல் பிளேட் மாட்டறதே தப்பு. ஒரிஜினல் வீட்ல பத்திரமா இருக்கு சார்னு சொல்றதெல்லாம் எடுபடாது, வண்டில இருக்கணும். பைன் 177வது பிரிவுல முதல் தடவை 500, அடுத்து 1,500. தொகை சின்னதுதான், அத நினைச்சு நான் சொல்லல.

கருப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து வேணும்கறான்னு எழுதியிருந்த. அது நாமளே ஓட்டிக்கிட்டு போற மாதிரி வாடகைக்கு விடற வண்டிக்கு உள்ள கலர்டா. சொந்த வண்டினா வெள்ளைல கருப்பு, டாக்ஸி லாரிக்கு மஞ்சள்ல கருப்பு, கரண்டு வண்டிக்கு பச்சை. கலரே ஒரு தகவல், அத மாத்துனா வண்டி வேற என்னவோனு ஆயிரும். நம்பர் மேலதான் ஆசைனா அதுக்கு நேர் வழி இருக்கு, பேன்சி நம்பருக்கு அரசாங்கத்துக்கு பணத்த கட்டி புடிச்ச நம்பர வாங்கிக்கட்டும், அவன் பொறந்த தேதியே கிடைச்சாலும் கிடைக்கும். நம்பர் எதுவா வேணா இருக்கட்டும், எழுத்து மட்டும் எல்லார மாதிரி இருக்கணும்.

தமிழ்ல த.நா.னு போட்டா என்ன தப்புனு நீ கேட்டதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் பதில் வரல. அந்த டீக்கடை அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து சரியா வராது. அந்த சீரிஸ் எழுத்து தமிழ்ல பெருசா இருந்திருந்தா அவரு படிச்சிருப்பார், இத நான் நினைக்காத நாள் இல்ல. நம்ம ஊர்ல நம்ம எழுத்துல இருக்கணும்னு நீ சொல்றது எனக்கும் உள்ள இருக்கற ஆசைதான், அதுக்கு ரூல மாத்தச் சொல்லி கேக்கலாம், கேக்கணும். ஆனா இன்னிக்கு ரூல் இங்கிலீஷ்தான், நம்ம வண்டி ஓசூர் தாண்டி கர்நாடகாவுக்குள்ள போயி அங்க எவனாவது அடிச்சு விழுந்து கிடந்தா வண்டி நம்பர படிக்கப்போறது கன்னடக்காரன். அப்புறம் தமிழ் எண்ல போடணும்கறானே, ௮னு போட்டா அது எட்டுனு நம்ம தெருவுல எத்தனை பேருக்கு தெரியும்? நம்ம செட்ல உனக்கும் தமிழய்யாவுக்கும் மட்டும்தான் தெரியும். டேங்க்ல எழுதச் சொல்லு, ஹெல்மெட்ல எழுதச் சொல்லு, அழகா இருக்கும், நான் கூட ஒண்ணு எழுதித் தர்றேன்.

வக்கீலு வண்டில இருக்கற கருப்பு வெள்ளை ஸ்டிக்கரையும் எடுக்கச் சொல்லிட்டேன். 2024 மே 2ல இருந்து மெட்ராஸ்ல பிரஸ், வக்கீல், டாக்டர், போலீஸ்னு பிளேட்ல ஒட்டறவங்களுக்கு எல்லாம் பைன் போட ஆரம்பிச்சாங்கள்ல, அத எடுத்துக் காட்டுனேன். முறைச்சான், ரெண்டு நாள் பேசல, மூணாம் நாள் அப்பாவ பாக்க வந்தப்ப வண்டில ஸ்டிக்கர் இல்ல. அப்பாவோட மனுவையும் அவன்தான் எழுதித் தந்தான்.

சின்னவன்கிட்ட நீ திட்டிச் சொல்லாத மாப்ள. அந்த வயசுல நாம டி.வி.எஸ். 50க்கு பெயிண்டர் அண்ணன்கிட்ட போயி தீ எரியற மாதிரி நம்பர் எழுதச் சொன்னோம், அவரு ராத்திரி பூரா உக்காந்து எழுதிக் குடுத்தாரு, அந்த சந்தோஷம் எனக்கு ஞாபகம் இருக்கு. அப்ப நாம யாரையும் இடிக்கல, நம்மளையும் யாரும் இடிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். அவன எனக்கு போன் போடச் சொல்லு. தாத்தாவுக்கு என்ன ஆச்சுனு நானே சொல்றேன், அவரு மடில உக்காந்து வளந்த பையன், புரிஞ்சுக்குவான்.

அந்த பைக் இன்னும் கிடைக்கல. 58லயும் 59லயும் இருக்கற 8055 பைக்குக எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்து ஒண்ணொண்ணா பாத்துட்டு இருக்காங்க, வண்டி கலர் வேற மாத்தியிருந்தா என்னனு தெரியல. நானும் சிக்னல்ல நிக்கறப்ப எல்லாம் முன்னாடி நிக்கற வண்டியோட பின்பக்கத்தத்தான் பாக்கறேன், அத நிறுத்த முடியல.

அப்பா உன்னைய கேட்டுக்கிட்டே இருக்கார். சித்திரை திருவிழாவுக்கு வருவல்ல, எதிர்சேவைக்கு இந்த தடவை அவரால நடக்க முடியாது, வண்டில உக்கார வெச்சு நாம ரெண்டு பேருமா கூட்டிட்டு போவோம். புது வண்டி டெலிவரி எடுத்த உடனே பின்னாடி பத்து அடி தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அப்பாகிட்ட காட்டறேன், கண்ணாடி போடாம படிக்கறாரானு பாக்கறேன்.

ராத்திரி ஒம்பதுக்கு மேல கூப்பிடு, அப்பதான் அவருக்கு மருந்து குடுத்து முடிச்சிருப்பேன்.

உன் மாப்ள