மண் ஆணிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

முழங்கால் வலி தணிந்து நீங்கள் மீண்டும் பணியிடத்திற்குச் செல்லத் தொடங்கியதை அறிந்து மகிழ்ந்தேன். நீங்கள் தோண்டும் ஆழ்குழியின் பக்கச் சுவரைத் தாங்க மண்ணுக்குள் துளையிட்டுச் செருகும் மண் ஆணிகளுக்கு, எஃகுக்குப் பதிலாகக் கண்ணாடி இழைகளைப் பிசினில் பதித்துச் செய்த கம்பிகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பயன்படுத்தலாம், ஆனால் விற்பவர்கள் முதலில் சொல்லும் காரணத்திற்காக அல்ல. அது துருப்பிடிக்காது என்பது மெய்தான், எனினும் ஓராண்டில் மூடப்படவிருக்கும் குழிக்குத் துரு ஒரு பொருட்டன்று. அந்தப் பக்கமாகப் பின்னர் சுரங்கம் துளைக்கும் இயந்திரம் கடந்துசெல்லும் என்று எழுதியிருந்தீர்களே, அதுவே போதுமான காரணம். எஃகுக் கம்பி அதன் வெட்டுமுகத்தில் சிக்கிச் சேதம் விளைவிக்கும். நீளவாக்கில் பெரும் இழுவிசையைத் தாங்கும் இழைக் கம்பியோ குறுக்குவாக்கில் எளிதில் வெட்டுப்பட்டுவிடும். நிலக்கரிச் சுரங்கங்களில், பின்னர் வெட்டி எடுக்கப்படவிருக்கும் பக்கச் சுவர்களில் இதைப் பொருத்துவதும் இதனால்தான்.

கணக்கிடும்போது மட்டும் எஃகின் பழக்கத்தை ஒதுக்கி வையுங்கள். இதன் எடை எஃகில் ஏறத்தாழக் கால் பங்கு, இழுவலிமையோ சாதாரண எஃகைவிட அதிகம். ஆயினும் நீட்சியை எதிர்க்கும் விறைப்பைக் காட்டும் மீள்தன்மைக் குணகம் பொதுவாக 40 முதல் 60 கிகாபாஸ்கல்தான், எஃகுக்கு அது 200. ஆகவே அதே விட்டத்தில் அதே சுமைக்கு இது மூன்று முதல் ஐந்து மடங்கு வரை நீளும், சுவரும் அதற்கேற்பக் கூடுதலாக நகரக்கூடும். எஃகைப்போல் இளகி நீண்டு எச்சரிப்பதும் இதனிடம் இல்லை. கடைசிவரை சுமைக்கு நேர்விகிதத்தில் நீண்டு, சட்டென்று முறியும். நீண்டகாலம் உயர்ந்த சுமையில் நிறுத்தினாலும் முறியும் என்பதால், நிலைச்சுமையை இழுவலிமையின் சிறு பங்குக்குள் அடக்க வேண்டும்.

உண்மையில் நான் அஞ்சுவது கம்பியை அன்று, சுவரின் முகப்பில் தட்டையும் நட்டையும் பொருத்தும் அதன் தலையை. பெரும்பாலும் கம்பி முறிவதற்கு முன்பே நட்டைப் பிடிக்கும் திருகுமரை உரிந்துவிடும். என் பழைய பணி ஒன்றில், எஃகு நட்டை முடுக்கும் அதே வேகத்தில் முடுக்கி மரைகளை உரித்துவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்காத பிழை என்னுடையது. ஆகவே கம்பி, நட்டு, தட்டு மூன்றையும் சேர்த்துச் சோதித்த சான்றிதழையே கேளுங்கள். களத்தில் இதை வளைக்க முடியாது. அறுக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்கு முகமூடி தேவை.

முதல் சில ஆணிகளின் இழுப்புச் சோதனை முடிந்ததும், சுமையோடு தலையின் நகர்வையும் குறித்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தோழன்