வாய்க்காலில் தொடங்கும் சனநாயகம்

ஆசிரியருக்கு,

சனநாயகமும் குடும்பமும் குறித்து அரசறிவியலாளர் ஒருவர் எழுதிய ஞாயிறு கட்டுரை நன்று. ஆனால் இலங்கையின் வடக்கே வன்னியில் சனநாயகம் வாக்குச்சாவடிக்கு முன்பே, சிறுபோகப் (ஆண்டின் இரண்டாம் நெற்பருவம்) பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சோதிக்கப்படுகிறது. இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டு எத்தனை ஏக்கர் விதைப்பது, வாய்க்கால் எந்தத் திகதியில் திறப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அங்கே பேச்சுரிமை காணிக்காரருக்கு. அரசு வழங்கும் காணி அனுமதிப்பத்திரமோ பெரும்பாலும் கணவர் பெயரில். அவர் இறந்தபின் பெயர் மாற்றாத மனைவி, களை பிடுங்கினாலும் உரக்கடன் கட்டினாலும், காணிக்காரர் இடாப்பில் (பெயர்ப் பதிவேட்டில்) இல்லை. மகனையோ மைத்துனரையோ அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பார். இதை நாம் வழக்கம் என்கிறோம்! 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து வரிசையில் (காணிக்காரர் இறந்தபின் காணி யாருக்குச் சேரும் என்ற வரிசையில்) மகனுக்கு இருந்த முன்னுரிமை 2022 திருத்தத்தில்தான் நீங்கியது. சட்டம் திருந்தியும் பத்திரங்கள் பழைய பெயரிலேயே கிடக்கின்றன.

ஆகவே கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னரே பிரதேச செயலகங்கள் கிராம அலுவலர் பிரிவு தோறும் பெயர்மாற்ற நடமாடும் சேவை நடத்தலாம். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பழைய அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுடன் வரும்படி முன்கூட்டியே அறிவித்தால் பாதி அலைச்சல் குறையும். கூட்டத்தையும் மாலை 4 மணிக்கு வையுங்கள். காலையில் பெண்கள் வயலில் நிற்பார்கள்.

வாசகர்,
கிளிநொச்சி