வான்கோழிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தொக்கு

பால்டிமோர்,
நவம்பர் 29

அன்புள்ள செல்லா,

நீ அனுப்பிய குரல் பதிவை நாலு தடவை கேட்டுவிட்டேன். பின்னால் மழைச் சத்தம், நடுவில் உன் குக்கர் விசில். கும்பகோணத்து அடைமழை என் சமையலறைக்குள் பெய்தது போல இருந்தது. "பதிலுக்குப் பேசி அனுப்பாதே, எழுதி அனுப்பு" என்று சொன்னாய் அல்லவா, அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூட்டு வலிக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறாயா என்று போன மாதம் கேட்டதற்கு இதில் பதிலே இல்லை. அடுத்த பதிவில் முதல் வார்த்தையாக அதைச் சொல்.

முந்தாநாள் இங்கே தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்லும் பண்டிகை. நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை. இந்த ஊருக்கு வந்து 11 வருஷம் ஆகிறது, ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு நான்தான் டியூட்டி. பிள்ளைகுட்டி உள்ளவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். ஆஸ்பத்திரி லேபுக்கு ஏது பண்டிகை? யாருக்கோ காய்ச்சல் இறங்கவில்லை என்றால் அந்த ரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று யாராவது பார்த்தாக வேண்டும். இந்த வருஷம் எங்கள் சூப்பர்வைசர் அட்டவணையில் என் பெயரை அடித்துவிட்டு, "நீ பார்த்தது போதும், எங்காவது போய் உட்கார்ந்து சாப்பிடு" என்றார். ரத்த வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் (அறுபதைத் தாண்டியவர், நான் அக்கா என்றே சொல்கிறேன், அவருக்கும் அர்த்தம் தெரியும்) அந்த நிமிஷமே கூப்பிட்டுவிட்டார்.

அதற்கு முன்னால் புதன்கிழமை கதையைச் சொல்லியாக வேண்டும். அன்று மதியம் லேபின் ஓய்வறையில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவோம். அங்கேதான் ஒவ்வொருவர் வீட்டுப் பழக்கமும் வெளியே வந்தது. இத்தனை வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது, செல்லா.

இரவு ஷிஃப்டில் இருக்கும் ஒரு தம்பி, கறுப்பினத்தவர், பெரிய அலுமினியத் தட்டு நிறைய மேக் அண்ட் சீஸ் கொண்டுவந்தார். மக்ரோனியில் பாலும் முட்டையும் சீஸும் சேர்த்து, மேலே பொன்னிறமாக வரும்வரை ஓவனில் வேகவைப்பது. அவர்கள் குடும்பங்களில் அன்றைக்கு வான்கோழியை யார் வேண்டுமானாலும் சமைக்கலாம், இதைச் செய்யும் உரிமை மட்டும் எல்லாருக்கும் கிடைத்துவிடாதாம். அவர் வீட்டில் முப்பது வருஷம் அம்மா செய்திருக்கிறார். போன வருஷம் ஆகஸ்டில் அம்மா தவறிவிட்டார். அந்த நவம்பரில் மேஜையில் அந்தத் தட்டு வைக்கும் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இந்த வருஷம் பெரியம்மா இவரைக் கூப்பிட்டு, "நீ செய்" என்று சொல்லியிருக்கிறார். ஆறு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து செய்து பார்த்திருக்கிறார். எங்களுக்குக் கொண்டுவந்தது ஏழாவது. "துருவி பாக்கெட்டில் விற்கும் சீஸ் கூடவே கூடாது. ஒட்டாமல் இருக்க அதில் மாவு தூவியிருப்பார்கள், உருகினால் நறநறவென்று இருக்கும். கட்டியாக வாங்கிக் கையால் துருவ வேண்டும், அம்மா அப்படித்தான் செய்வார்" என்று வலது கை விரல் முட்டியைக் காட்டினார். துருவியில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அவர்கள் வீட்டில் பரங்கிக்காய் பை (மாவுக்குள் இனிப்புப் பூரணம் வைத்து ஓவனில் சுடும் பண்டம்) கிடையாது, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த பைதான்.

நோயாளிகளிடம் ரத்தம் எடுக்கும் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். லம்பீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவள். பால்டிமோரில் அப்படி ஒரு சமூகம் இருப்பதே எனக்குத் தெரியாது. வட கரோலினாவில் ராப்சன் கவுண்டி அவர்கள் ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலை வேலை தேடி இந்த நகரத்தின் கிழக்குப் பக்கம் வந்து குடியேறியிருக்கிறார்கள். அவள் தாத்தா பாட்டியும் அப்படி வந்தவர்கள்தான். இன்றைக்கும் இந்த வாரம் வந்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்குப் பிடித்தது என்ன தெரியுமா? எண்ணெயில் பொரித்த இரண்டு சோள ரொட்டிக்கு நடுவே, வதக்கிய காலர்ட் கீரையும் மொறுமொறுவென்ற பன்றிக் கொழுப்புத் துண்டும் வைத்த சாண்ட்விச். சொல்லும்போதே கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அவளிடம் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன், இந்தப் பண்டிகை உங்களுக்குச் சம்மதமா என்று. அவள் கோபப்படவில்லை. 1621 அறுவடைக் காலத்தில் பிளிமத்தில் ஐம்பது பேருக்கும் குறையாத குடியேறிய ஆங்கிலேயர்களும், அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசாய்ட்டுடன் வந்த சுமார் 90 பேரும் மூன்று நாள் சேர்ந்து சாப்பிட்டது உண்மைதான், வாம்பனோக் மக்கள் ஐந்து மான் வேட்டையாடிக் கொண்டுவந்ததும் உண்மைதான் என்றாள். "அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பிள்ளைகளுக்கு நாடகம் போட்டுக் காட்டுவதில்லை." நிலம் போனது, நோய், போர், மாசசாய்ட்டின் மகன் காலத்திலேயே அந்த மக்கள் சிதறியது. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பூர்வகுடிகள் பிளிமத்தில் ஒரு குன்றின் மேல் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். மேரிலாந்து மாநிலம் 2008-இல் சட்டம் போட்டு மறுநாள் வெள்ளிக்கிழமையைப் பூர்வகுடிகள் நாளாக அறிவித்திருக்கிறது. "எனக்கு வியாழன் குடும்பத்துக்கு, வெள்ளி என் மக்களுக்கு" என்றாள். ஒருத்தி இரண்டையும் விடாமல் கையில் வைத்திருக்கிறாள் என்பதில் எனக்கு அவள் மேல் பெரிய மதிப்பு வந்தது.

இதில் உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு செய்தி இருக்கிறது. அந்த 1621 விருந்தில் ஐந்து மான் வந்தது, மூன்று நாள் நடந்தது என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் அந்த டிசம்பரில் இங்கிலாந்தில் இருந்த தன் நண்பருக்கு எழுதிய கடிதத்திலிருந்துதான். பிறகு இதை நாடு முழுவதற்கும் ஒரே நாளாக்க வேண்டும் என்று சாரா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை வருஷக்கணக்காக ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவில், லிங்கன் அறிவித்தார். எழுதி அனுப்பு என்று நீ அடம்பிடிப்பது சரிதான்.

வியாழனுக்கு வருகிறேன். அக்காவின் வீடு ஹைலண்ட்டவுனில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் வெள்ளைச் சலவைக்கல் படிகள். அக்காவின் அம்மாவுக்கு 86 வயது. சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் அந்தப் படிகளை மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவாமல் விளையாட விடமாட்டார்களாம். நம் தெருவில் விடிகாலையில் வாசல் தெளிப்பதை அவருக்குச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கோலம் எப்படிப் போடுவது என்று விரலால் மேஜை விரிப்பில் வரையச் சொன்னார்.

வான்கோழி 8 கிலோ. உறைந்து கிடந்ததை நாலு நாள் ஃபிரிட்ஜில் வைத்து இளக்கியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் சவர்க்ராட். ஜெர்மானியர்கள் ஏராளமாக வந்து குடியேறிய ஊர் என்பதால் பால்டிமோரில் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் புளித்த முட்டைக்கோஸ் இருக்கும், மற்ற மாநிலத்துக்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். கோஸை மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்து, ஜாடியில் அமுக்கிக் கல் வைத்து வாரக்கணக்கில் புளிக்க விடுவது. அந்த ஜாடி அவருடைய பாட்டியினுடையது. அதில் புளிப்பை முதலில் தொடங்கி வைக்கிற பாக்டீரியா லியூகோனாஸ்டாக். நம் இட்லி மாவைப் பொங்க வைக்கிறதே, அதே ஜாதி. மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா ராத்திரி கையால் மாவு கரைத்து வைப்பது நினைவுக்கு வரும். இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்படியானால் நீ சொந்தக்காரி" என்று சொல்லிவிட்டார்.

நான் கொண்டுபோனது கிரான்பெர்ரி தொக்கு. அக்டோபரிலிருந்து இங்கே புதுப் பழம் கிடைக்கும், 340 கிராம் பாக்கெட். இரண்டு பாக்கெட் வாங்கினேன். நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் பழத்தைக் கொட்டினால் அதுவும் கடுகோடு போட்டி போட்டு ஒவ்வொன்றாக வெடிக்கும். புளியே வேண்டாம், அவ்வளவு புளிப்பு. மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், கடைசியில் ஒரு துண்டு வெல்லம். கிளறக் கிளறத் தானாகவே கெட்டிப்பட்டு ஓரத்தில் எண்ணெய் பிரியும். அவர்கள் இதே பழத்தில் சர்க்கரை போட்டு இனிப்பாகச் செய்து வான்கோழியோடு சாப்பிடுகிறவர்கள். அக்காவின் அம்மா முதலில் ஒரு துளி நாக்கில் வைத்தார், பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரியவர் தொடங்கினார். காது கேட்கும் கருவி புதிதாக வந்திருக்கிறது, பேரன் பேசுவது இப்போது முழுசாகக் கேட்கிறது என்றார். மருமகன் வேலை கிடைத்ததைச் சொன்னார். சுற்றி என்னிடம் வந்தது.

நம் வீடுகளில் இது வழக்கமே இல்லையே, செல்லா. சோறு போட்ட அம்மாவுக்கு ஒரு நாளாவது நன்றி என்று சொல்லியிருக்கிறோமா? சொன்னால் பிரித்துப் பேசுகிற மாதிரி இருக்கும். அந்த வழக்கம் தப்பென்று நான் நினைக்கவில்லை. அதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. ஆனால் அன்று எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உன்னைத்தான் சொன்னேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த 11 நாளைச் சொன்னேன். எனக்கு டிக்கெட் கிடைத்து நான் வந்து சேரவே ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் ஸ்கூல் விட்டதும் நீ தூக்கில் ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்ததையும், ஸ்பூன் வேண்டாம் என்று அம்மா அடம்பிடித்ததால் கையாலேயே ஊட்டியதையும், நான் வந்த அன்று ஒரு கேள்வி கேட்காமல் உன் சால்வையை என் மேல் போர்த்தி என்னைத் தூங்க வைத்ததையும் சொன்னேன். ரசம் சாதம் என்றால் என்ன என்று அவர்களுக்கு இங்கிலீஷில் சரியாகச் சொல்ல வரவில்லை. அக்கா எழுந்து வந்து தோளில் கை வைத்தார். அந்தப் பெரியவர், "அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது சொல்லிவிட்டேன், செல்லா. நன்றி.

எங்கள் லேபில் ஒருவர் ஜனவரியில் சென்னை வருகிறார். தொக்கு ஒரு பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன், உன் பெண்ணுக்கும் கொஞ்சம் ஹாஸ்டலுக்குக் கொடுத்துவிடு. அவள் செமஸ்டர் எப்படிப் போகிறது என்று எழுது. பதிலுக்கு எனக்கு மோர் மிளகாய் வேண்டும், கடை மிளகாய் இல்லை, நீ மொட்டைமாடியில் காயவைத்தது.

அடுத்த வாரம் திருக்கார்த்திகை. மழை விட்டிருந்தால் அம்மா வீட்டுத் திண்ணையில் இரண்டு அகல் ஏற்றி வைத்துவிடு. சாவி உன்னிடம்தானே இருக்கிறது.

உன்
மீனு