பட்டு விற்றவர்களும் அவர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டுப் பாதை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், மத்திய ஆசியப் புல்வெளி நாடோடிகள் வணிகர்களை வழிமறித்த கொள்ளையர்களாக மட்டுமே வருகிறார்கள். கொள்ளை நடக்காமல் இல்லை. ஆனால், பட்டைக் கைநிறைய வைத்துக்கொண்டு வாங்க ஆள் தேடியவர்களும் அவர்கள்தான்.

6ஆம் நூற்றாண்டில் வட சீனாவில் இரண்டு அரசுகள் மோதிக்கொண்டிருந்தன. புல்வெளியை ஆண்ட துருக்கிய நாடோடிகளின் பேரரசரான ககானைத் தம் பக்கம் இழுக்க இரண்டுமே போட்டி போட்டுப் பட்டு அனுப்பின. அவற்றுள் ஒன்றான வட சோவ் அரசு மட்டும் ஆண்டுக்கு 1,00,000 சுருள் கொடுத்தது. குலத் தலைவர்களுக்குப் பங்கிட்டது போக மிஞ்சியதை விற்க, ககானுக்குக் கீழிருந்த சோக்திய (சமர்கந்த் பகுதி) வணிகர்கள் முதலில் பாரசீகம் போனார்கள். பேரரசர் குஸ்ரோ பட்டை விலைகொடுத்தே வாங்கி, அவர்கள் கண்ணெதிரே கொளுத்தினார். நம் சந்தையில் உங்களுக்கு இடமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது! அதன்பின்தான் மானியாக் என்ற சோக்தியரின் தலைமையில் தூதுக்குழு 568இல் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளை அடைந்தது. அங்கே பட்டுப்புழு வளர்ப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஆகவே, பேரரசர் இரண்டாம் ஜஸ்டினை ஈர்த்தது பட்டைவிட, பாரசீகத்துக்கு எதிரான கூட்டணிதான் என்பேன்.

துருக்கியருக்குப் பின் புல்வெளியை ஆண்ட உய்கூர் நாடோடிகளின் குதிரை வணிகத்துக்குக் கட்டுரை ஒரே வரி ஒதுக்கியிருக்கிறது. 755இல் தளபதி ஆன் லூஷான் தொடங்கிய கலகத்தை அடக்க சீனாவின் தாங் அரசு உய்கூர் படையை நம்பியது. மேற்கிலிருந்த அதன் குதிரை மேய்ச்சல் நிலங்களும் திபெத்தியர் வசம் போயின. விளைவு, உய்கூர்களிடமே குதிரை வாங்க வேண்டியதாயிற்று: ஒரு குதிரைக்கு 40 சுருள் பட்டு. தாங் அளவுப்படி ஒரு சுருள் சுமார் 12 மீட்டர் நீளம், அரை மீட்டருக்குச் சற்றே கூடுதல் அகலம். வந்த குதிரைகளில் பல எலும்பும் தோலுமானவை; வேண்டாமென்றால் உய்கூர்களின் பகை வரும். சீனத் தரப்பும் சும்மா இருக்கவில்லை: நெசவைத் தளர்த்தி, நீளத்தைக் குறைத்து அனுப்பியது. 782இல் உய்கூர் ககான் கேட்ட குதிரை விலை பாக்கி 18 லட்சம் சுருள். கொள்ளைக்காரன் நிலுவைக் கணக்கு எழுதுவதில்லை.

கட்டுரையோடு வந்த வரைபடத்திலும் ஒரு குறை. எல்லாக் கோடுகளும் பாரசீகம் வழியாகவே போகின்றன. காஸ்பியன் கடலுக்கு வடக்கே சுற்றி, காகசஸ் மலையைக் கடந்து கான்ஸ்டான்டினோபிள் செல்லும் வழியையும் குறித்திருக்க வேண்டும். மானியாக் பாரசீகத்தைத் தவிர்த்தது அப்படித்தான்.

– ஒரு வாசகர்